தளர்நடைப் பருவத்தின் பள்ளிக்கூடம்: தூரிங்கியாவில் இருந்து அடையாறு வரை

தைப்பொங்கல் விடுமுறை ஒன்றின்போது யாழ்ப்பாணத்தில் என் நீண்டகால நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். நண்பரின் பேத்திக்கு அப்போதுதான் மூன்று வயது நிறைந்திருந்தது. விறாந்தையில் பாய் விரித்து அதன்மேல் ஓர் அப்பியாசக் கொப்பியுடன் குழந்தை குனிந்திருந்தாள். பிடிக்கத் தெரியாத பென்சிலை நான்கு விரல்களாலும் இறுகப் பற்றி, ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதிக்கொண்டிருந்தாள். நண்பரின் மனைவி அருகே வந்து அமர்ந்து, குழந்தையின் இரு கைகளையும் பிடித்து, முன்னும் பின்னும் சாய்ந்தாட அழைத்தார். குழந்தை கையை இழுத்துக்கொண்டாள். "இப்ப வேண்டாம் அம்மம்மா. எழுதாட்டி ரீச்சர் ஏசுவா" என்றாள்.

குழந்தை செல்லும் முன்பள்ளியின் பெயரைக் கேட்டேன். பெயரின் முடிவில் 'மொண்டிசோரி' என்ற சொல் இருந்தது.

அரை நூற்றாண்டை எட்டும் பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ முரண்பாடுகளை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு சொல் அன்று என்னை உறங்கவிடவில்லை. மரியா மொண்டிசோரி அம்மையார் மூன்று வயதுக் குழந்தையைக் கொப்பியின் முன் குனிய வைத்தவர் அல்லர். குழந்தையின் கையும் காலும் அசைவதில்தான் அதன் அறிவு வளர்கிறது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டவர். அதிலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றிய அவரது சிந்தனையின் பெரும்பகுதி நம் அயலிலே, சென்னை அடையாற்றிலும் கொழும்பிலும் உரைகளாக வெளிப்பட்டது. அந்த வரலாற்றை நம்மில் பலர் அறியோம். விளையாட்டு, பாட்டு, உடலசைவு ஆகிய மூன்றின் வழியாகச் சிறு குழந்தை கற்கிறது என்ற எண்ணம் கல்வி உலகில் எவ்வாறு நுழைந்தது, அதற்கு என்ன நேர்ந்தது என்பதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அகதியாக அலைந்த ஆசிரியர்

இவ்வரலாற்றின் முதற் பெயர் கொமேனியஸ். 1592 ஆம் ஆண்டு மொராவியாவில் பிறந்த இவர் ஒரு சமயகுரு. ஐரோப்பாவைச் சீரழித்த முப்பதாண்டுப் போர் இவரை ஊர்விட்டு ஊர் துரத்தியது. கொள்ளை நோய் மனைவியையும் இரு பிள்ளைகளையும் கொண்டுசென்றது. எல்லாவற்றையும் இழந்து போலந்து நாட்டில் தஞ்சம் புகுந்த இந்த மனிதர், 1633 ஆம் ஆண்டு தாய்மாருக்கென ஒரு சிறு நூலை வெளியிட்டார். பிறப்பு முதல் ஆறு வயது வரையான குழந்தைக்குத் தாயின் மடியே பள்ளிக்கூடம் என்பது அந்நூலின் சாரம்.

அக்காலத்துப் பள்ளிகளில் இலத்தீன் இலக்கணமும் பிரம்புமே ஆட்சி செலுத்தின. அத்தகைய காலத்தில் குழந்தை ஓடட்டும், ஆடட்டும், எதையாவது கட்டி எழுப்பட்டும் என்று எழுதியவர் கொமேனியஸ். இசை மனிதருக்கு இயல்பானது என்றும், பிறந்தவுடன் எழும் அழுகையே அதன் தொடக்கம் என்றும், இரண்டாம் ஆண்டில் பாட்டும் கிலுகிலுப்பையும் குழந்தையின் செவிக்கு விருந்தாக வேண்டும் என்றும் அவர் கருதினார். நாடிழந்த ஒருவர் குழந்தைகளின் ஆடல் பாடலைப் பற்றி எழுதியதில் வியப்பில்லை. வீடு அழிந்தாலும் தாயின் மடி என்ற பள்ளி அழிவதில்லை என்பதை அகதிகளே நன்கறிவர். ஈழத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெசவாளியும் பதினேழு வயதுப் பெண்ணும்

அடுத்த காட்சி ஸ்கொட்லாந்து. கிளைட் ஆற்றங்கரையில் உள்ள நியூ லனார்க் என்னும் ஊரில் பெரும் பருத்தி ஆலைகள் இருந்தன. அவற்றை நிருவகித்தவர் றொபேட் ஓவன். சிறுவர்கள் ஆலைகளில் நாள் முழுவதும் வேலை செய்த காலம் அது. ஓவன் தம் ஆலையில் பத்து வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். 1816 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஒரு நிறுவனத்தைத் திறந்து வைத்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகள் தொட்டே அங்கு சேர்க்கப்பட்டனர்.

அச்சிறு குழந்தைகளுக்கு ஓவன் தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள் இருவர். ஒருவர் ஜேம்ஸ் பியூக்கனன் என்ற ஏழை நெசவாளி. வாசிப்பும் எழுத்தும் அவருக்குச் சரியாக வாராது. மற்றவர் மொலி யங் என்ற பதினேழு வயதுப் பெண். கல்வித் தகைமை எதையும் ஓவன் பார்க்கவில்லை. குழந்தைகள்மீது எல்லையற்ற அன்பும் பொறுமையும் உண்டா என்பதை மட்டுமே பார்த்தார். குழந்தைகளை அடிக்கக் கூடாது, கடிந்து பேசக் கூடாது, புத்தகங்களால் தொல்லைப்படுத்தக் கூடாது என்பவை அவர் இட்ட கட்டளைகள். சுற்றியுள்ள பொருள்களைப் பற்றிக் குழந்தை கேட்கும்போது உரையாடலாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சற்று வளர்ந்ததும் பாட்டும் நடனமும் கற்பிக்க வேண்டும்.

தாய்மார் தடையின்றி ஆலைக்கு வரலாம் என்ற இலாபக் கணக்கும் முதலாளியான ஓவனுக்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் பள்ளி வெற்றி பெற்றது. சீமான்களும் அரச குடும்பத்தினரும் பார்வையிட வந்தனர். சில ஆண்டுகளில் பியூக்கனன் இலண்டனுக்கு அழைக்கப்பட்டார். பாலர் பள்ளிகள் பிரித்தானியா எங்கும் பரவின.

பரவிய வேகத்தில் அவற்றின் உயிர் போயிற்று. படிப்படியாக உயரும் மர இருக்கைகளில் நூற்றுக்கணக்கான குழந்தைகளை வரிசையாக அமர்த்தி, ஆசிரியர் சொல்வதை ஒரே குரலில் ஒப்புவிக்கச் செய்யும் முறை பல இடங்களில் வேரூன்றியது. பாட்டு இருந்தது, ஆனால் அது வாய்ப்பாட்டை மனனம் செய்வதற்கான பாட்டாகிவிட்டது. கைதட்டல் இருந்தது, அதுவும் கட்டளைக்குத் தட்டும் கைதட்டலாகிவிட்டது. நல்ல எண்ணம் ஒன்று நிறுவனமாகும்போது அதன் பெயர் எஞ்சிப் பொருள் போய்விடுவதற்கு இது முதல் உதாரணம். இறுதி உதாரணம் அன்று.

தாயை அறியாத பிள்ளை

1782 ஆம் ஆண்டு ஜேர்மனியின் தூரிங்கியக் காட்டுப் பகுதியில் ஒரு பாதிரியாரின் வீட்டில் பிரெடறிக் புரோபல் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். தந்தைக்குத் திருச்சபைப் பணி. சிற்றன்னைக்குச் சொந்தப் பிள்ளை பிறந்ததும் இவர் அந்நியரானார். தாயின் தாலாட்டைக் கேட்டு வளராத அந்தப் பிள்ளையே, பிற்காலத்தில் தாய்மார் குழந்தைகளுக்குப் பாடும் பாட்டுகளையும் ஆட்டும் ஆட்டங்களையும் கல்வியின் அத்திவாரமாக்கினார்.

சுவிற்சர்லாந்தில் பெஸ்டலோசி நடத்திய பள்ளியில் இரண்டாண்டுகள் தங்கிக் கற்ற புரோபல், நெடுங்காலம் பெரிய மாணவர்களுக்கே கற்பித்தார். ஐம்பத்தைந்து வயதை எட்டிய பின்னரே, 1837 ஆம் ஆண்டளவில், பாட் பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளின் விளையாட்டுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் திகதி அதற்கு அவர் இட்ட பெயர்தான் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம். செடியை இழுத்து வளர்க்க முடியாது. நீரும் ஒளியும் கொடுத்துக் காத்திருக்கவே முடியும். அப்பெயரின் பொருள் இதுவே.

புரோபல் வகுத்த விளையாட்டுப் பொருள்கள் உலகறிந்தவை. முதலில் ஆறு நிறங்களில் மென்மையான கம்பளிப் பந்துகள். பின்னர் மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம். அதன்பின் சிறு கட்டைகளாகப் பிரியும் கனசதுரங்கள். ஆனால் தளர்நடைப் பருவத்தைப் பொறுத்தவரை அவரது முதன்மையான படைப்பு 1844 ஆம் ஆண்டு வெளிவந்த தாய்மார் பாட்டு நூலாகும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படம், ஒரு பாட்டு, தாய்க்கென ஒரு சிந்தனை என்ற ஒழுங்கில் அமைந்தது அந்நூல். றொபேட் கோல் இசையமைத்தார். பிரெடறிக் உங்கர் படம் வரைந்தார்.

அதன் விளையாட்டுகளைப் பார்த்தால் நம் வீட்டுத் திண்ணையைப் பார்ப்பது போலிருக்கும். மல்லாந்து கிடக்கும் குழந்தை காலை உதைக்கிறது. தாய் தன் உள்ளங்கையை அந்தப் பாதங்களுக்கு எதிராக வைத்து, உதைக்கு ஈடுகொடுக்கிறாள். குழந்தை தன் வலிமையை அறிகிறது. மற்றொன்றில் மணிக்கூட்டின் ஊசல் போலக் குழந்தையின் கை இருபுறமும் ஆட்டப்படுகிறது. தாளமும் நேரமும் உடலில் பதிகின்றன. இன்னொன்றில் விரல்கள் புறாக் கூடாகின்றன. கூடு திறக்கிறது, புறாக்கள் பறக்கின்றன, மாலையில் திரும்பி வருகின்றன. பிரிவும் மீள்வும் அச்சமின்றிப் பழகிப் போகின்றன. இவற்றைப் புரோபல் வெறுமையில் இருந்து படைக்கவில்லை. சாதாரணத் தாய்மார் தம் குழந்தைகளோடு ஆடியவற்றைக் கூர்ந்து பார்த்து, அவற்றின் பின்னாலுள்ள நியாயத்தைக் கண்டெடுத்தார். கிராமத்துத் தாய் அறியாமலே செய்ததை அறிந்து செய்ய வைப்பதே அவர் நோக்கம்.

அரசுகளுக்கு விளையாட்டும் அச்சமூட்டும். புரட்சி எண்ணங்களைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டி 1851 ஓகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. புரோபலின் உறவினர் ஒருவர் எழுதிய பிரசுரத்தை இவருடையதெனக் குழப்பிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். தடை நீங்குவதைக் காணாமலே மறு ஆண்டு ஜூன் மாதம் புரோபல் கண்மூடினார். 1860 ஆம் ஆண்டுதான் தடை நீக்கப்பட்டது. அதற்குள் அவரிடம் பயின்ற பெண்கள் நாடு கடந்து சென்று, அமெரிக்கா வரை குழந்தைத் தோட்டங்களை நாட்டிவிட்டனர்.

இசையை உடலால் கற்பது பற்றிப் பேசும்போது எமில் ஜாக் டல்குறோஸ் என்பவரையும் குறிப்பிடாமல் செல்ல முடியாது. ஜெனீவா இசைக் கல்லூரியில் 1892 முதல் ஆசிரியராக இருந்த இவர், இசை இலக்கணம் அறிந்த மாணவர்களே தாளத்தில் தடுமாறுவதைக் கண்டார். தாளம் செவியில் மட்டும் தங்குவதில்லை, அது கால்களிலும் தோள்களிலும் இறங்க வேண்டும் என்று உணர்ந்து, நடந்தும் துள்ளியும் கைவீசியும் இசை கற்கும் முறையை உருவாக்கினார். நடைபழகும் குழந்தைக்குத் தாய் தாளம் போடுவதன் பொருளை ஓர் இசைப் பேராசிரியர் கண்டுகொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

எதிரிநாட்டுப் பிரசையின் அடையாறு வாழ்க்கை

1907 ஜனவரி 6 ஆம் திகதி ரோம் நகரின் சான் லொறென்சோ என்ற ஏழ்மைப் பகுதியில் மரியா மொண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவர் அவர். அங்கு குழந்தைகள் நீரை ஊற்றினர், தூசு துடைத்தனர், பொத்தான் பூட்டினர், உணவு பரிமாறினர். தரையில் வரைந்த கோட்டின்மீது இசைக்கேற்ப நடந்தனர். எழுத்துகளும் இருந்தன. ஆனால் அவை கொப்பியில் இருக்கவில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவிப் பார்த்தது. கை பழகிய பின்னர், நான்கு ஐந்து வயதில், தானாகவே எழுத்து வந்தது.

புரோபலுக்கும் இவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. புரோபல் விளையாட்டைப் போற்றினார். மொண்டிசோரியோ குழந்தை விரும்பிச் செய்வதை 'வேலை' என்றே அழைத்தார். பொம்மைக் குவளையில் இல்லாத தேநீரை ஊற்றுவதிலும் பார்க்க, உண்மைக் குவளையில் உண்மை நீரை ஊற்றுவதே குழந்தைக்கு விருப்பமானது என்பது அவர் கண்டது. ஆனால் அமர்த்திவைத்துச் சொல்லிக் கொடுக்க முடியாது, கையும் உடலும் இயங்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

முசோலினியுடன் முரண்பட்டு 1934 இல் இத்தாலியை விட்டு வெளியேறிய மொண்டிசோரி, ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்ததும் அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்தை அடைந்தார். பிரமஞான சபையின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேல், அவரது துணைவியார் ருக்மணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று 1939 நவம்பரில் மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. சில மாதங்கள் தங்கிப் பயிற்சி வகுப்பு நடத்தித் திரும்புவதே திட்டம். முந்நூறுக்கும் மேற்பட்டோர் அவ்வகுப்பில் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. அன்றே அவர்கள் எதிரிநாட்டுப் பிரசைகள் ஆயினர். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மொண்டிசோரியின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. ஓகஸ்ட் 31 ஆம் திகதி அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாள். அந்நாளின் பரிசாக மகனை விடுதலை செய்து அனுப்பினார் வைசிராய். ஆனால் போர் முடியும்வரை அவர்கள் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியவில்லை.

அந்தக் கட்டாயத் தங்கலே உலகக் கல்விக்குப் பேறாயிற்று. அதுவரை மூன்று வயதுக்கு மேற்பட்டோரிலேயே மொண்டிசோரியின் கவனம் பெரிதும் இருந்தது. இந்திய ஆண்டுகளில் அவரது பார்வை பிறப்பு முதல் மூன்று வயது வரையான பருவத்தின்மீது திரும்பியது. கொடைக்கானலில் அவர் தங்கிய ஆண்டுகளில் பல வயதுக் குழந்தைகளைக் கொண்ட ஒரு பள்ளி அவரைச் சுற்றி இயங்கியது. அதில் அவருக்குத் துணைநின்ற லீனா விக்ரமரத்ன இலங்கைப் பெண்மணி என்பதை இங்கு பெருமையுடன் பதிவு செய்யலாம்.

போருக்குப் பின் அகமதாபாத்தில் அவர் ஆற்றிய உரைகளை அடிப்படையாகக் கொண்ட நூல் 1949 ஆம் ஆண்டு அடையாறில் வெளியாயிற்று. 'உறிஞ்சும் மனம்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பஞ்சு நீரை உறிஞ்சுவது போல மூன்று வயது வரையான குழந்தை தன் சூழலை முயற்சியின்றி உறிஞ்சுகிறது என்பது அதன் மையக் கருத்து. தாயோடு ஒட்டிக்கொண்டு சந்தைக்கும் வயலுக்கும் செல்லும் குழந்தை, பேச்சையும் பேரத்தையும் மனிதரின் முகபாவங்களையும் கற்றுக்கொள்கிறது என்று அதில் எழுதினார். ஒன்றரை வயதுக் குழந்தை தன் வலுவுக்கு மிஞ்சிய பொருளைத் தூக்கிச் சுமக்க விரும்புவது பிடிவாதமன்று, அது உடல் தன்னைத்தானே பயிற்றும் முயற்சி என்றார். இரண்டு வயதுக் குழந்தையின் நடைக்குப் பெரியவர்தாம் இசைந்து நடக்க வேண்டும் என்றார்.

கொழும்பில் முப்பது உரைகள்

1944 ஆம் ஆண்டு மொண்டிசோரி இலங்கைக்கு வந்தார். இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான் கொழும்பின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தன. அந்தப் போர்க்காலத் தீவில், வாழ்வின் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி முப்பது உரைகளை அவர் நிகழ்த்தினார். அரசாங்கம் அங்கீகரித்த ஆசிரியர் பயிற்சி வகுப்பும் நடைபெற்றது. அவ்வுரைகள் 1940 களின் இறுதியில் ஆங்கில நூலாக வெளிவந்தன. உரைகளை நூலாக்கியவர் ஞானப்பிரகாசம் என்ற தமிழ்ப் பெயருக்குரியவர்.

அந்நாட்களில் இலங்கையில் எல்லோரும் கல்வியைப் பற்றியே பேசினர். கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்திருந்தது. 1945 இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நம் தலைமுறையினர் பலர் படித்து ஆளானது அந்தச் சட்டத்தால்தான். அதை நன்றியுடன் நினைக்கும் வேளையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை அரசின் பாடசாலை முறைமைக்கு வெளியே நின்றது. அந்த வெற்றிடத்தைத் தொண்டு நிறுவனங்களும் சமயத் தாபனங்களும் உள்ளூராட்சிச் சபைகளும் தனியாரும் நிரப்பினர். அர்ப்பணிப்புடன் நடத்தியோர் பலர் உண்டு. ஆனால் காலப்போக்கில் மொண்டிசோரி என்பது ஒரு கல்விமுறையின் பெயர் என்ற நிலை மாறி, முன்பள்ளி எதற்கும் வழங்கும் பொதுப் பெயராகிவிட்டது. பெயர்ப் பலகையில் அம்மையார் இருக்கிறார். உள்ளே பெரும்பாலும் கொப்பியும் பென்சிலும் இருக்கின்றன.

நம் முற்றத்துப் பாடத்திட்டம்

மேற்கே அறிஞர்கள் கண்டதையெல்லாம் நம் முன்னோர் முன்பே கண்டுவிட்டனர் என்று மார்தட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. கல்விக் கோட்பாடாக இதை வகுத்தவர்கள் அவர்களே. ஆயினும் அவர்கள் எதைப் பார்த்து வகுத்தார்களோ அது நம் வீடுகளில் நிறைவாகவே இருந்தது. அதற்கு இலக்கியமே சான்று.

தச்சன் செய்து கொடுத்த சிறுதேரை ஏறி ஊர முடியாவிட்டாலும், கையால் இழுத்தே இன்புறும் சிறுவர்களைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று காட்டுகிறது. பட்டினப்பாலையில், உணவை உலர்த்திய முற்றத்தில் கோழியை விரட்ட எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் மூன்று காலுடைய சிறுதேரின் வழியை மறிக்கிறது. நாம் நடைவண்டி என்று அழைப்பதும் மூன்று சக்கரம் உடையதே. வடபுலத்துச் சிறுவர்கள் பனங்காயில் வண்டில் கட்டி உருட்டியதும் அதே மரபில்தான்.

பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடியவற்றில் செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், தளர்நடை நடத்தல், பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்ளும் புறம்புல்கல், அச்சுறுத்தி விளையாடும் அப்பூச்சி காட்டுதல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிகம் உண்டு. தளர்நடை என்ற அழகிய சொல்லை இன்று நாம் மறந்துவிட்டோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். அதன்பின் அவ்விலக்கிய வகை பத்துப் பருவங்களாக நிலைபெற்றது.

பிள்ளைத்தமிழ் தெய்வங்களையும் மன்னர்களையும் போற்றும் இலக்கியம். குழந்தை வளர்ப்புக் கையேடாக அதைக் கொள்ள முடியாது. பருவங்களுக்கான மாதக் கணக்கிலும் பாட்டியல் நூல்கள் வேறுபடுகின்றன. ஆனால் பருவங்களின் வரிசையைக் கவனியுங்கள். செங்கீரையில் குழந்தை கையூன்றி, ஒரு காலை மடக்கி, தலை நிமிர்த்தி ஆடுகிறது. தாலில் தாலாட்டுக் கேட்கிறது. சப்பாணியில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. முத்தத்தில் அன்பைத் திருப்பித் தருகிறது. வருகையில் எழுந்து நடந்து வருகிறது. அம்புலியில் எட்டாத நிலவைச் சுட்டி விளையாட அழைக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழாயின் மணல்வீடு சிதைத்தல், சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல் என்றும், பெண்பாலாயின் அம்மானை, நீராடல், ஊசல் என்றும் அது முடிகிறது. கழுத்து, கை, கால், கண், கற்பனை, தாளம் என்று குழந்தை வளரும் ஒழுங்கைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒரு சமுதாயமே இந்த வரிசையை அமைத்திருக்க முடியும். பருவம் ஒவ்வொன்றும் ஓர் அசைவு அல்லது ஓர் ஓசை. எழுதும் பருவம் என்று அதில் ஒன்றுமில்லை.

ஈழத்திலும் இம்மரபு புதுவடிவம் கொண்டது. 1935 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் 'பிள்ளைப்பாட்டு' என்ற தொகுதி வெளிவந்தது. தங்கத் தாத்தா என்று நாம் அழைக்கும் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர், ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பிள்ளைகளின் நாவில் ஆடவைத்தார். நம் குழந்தை கண்ணால் காண்பதே அப்பாடல்களின் பொருள்.

ஆய்வுகூடம் சொல்வது

பாட்டியும் பேத்தியும் சாய்ந்தாடுவதால் உண்மையில் என்ன பயன் என்று கேட்போருக்கு அறிவியலும் விடை சொல்கிறது. 2005 ஆம் ஆண்டு கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிக்கா பிலிப்ஸ் சில்வர், லோரல் டிரெய்னர் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அழுத்தம் எதுவுமற்ற ஒரு தாளத்தை ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஒலிக்கச் செய்து, ஒரு சாராரை ஒவ்வோர் இரண்டாம் தட்டுக்கும், மறு சாராரை ஒவ்வொரு மூன்றாம் தட்டுக்கும் தூக்கி ஆட்டினர். பின்னர் தாம் ஆட்டப்பட்ட நடைக்கு இசைந்த தாளத்தையே அக்குழந்தைகள் அதிக நேரம் விரும்பிக் கேட்டன. பிறர் ஆடுவதை வெறுமனே பார்த்திருந்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் தோன்றவில்லை. டல்குறோஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன் உணர்ந்தது இதுவே. தாளத்தை உடலே முதலில் கேட்கிறது. தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசியிலோ பார்க்கும் ஆட்டம், மடியில் ஆடும் ஆட்டத்துக்கு ஈடாகாது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

முகத்தை மறைத்துத் திடீரெனக் காட்டும் விளையாட்டை ஜெரோம் புறூனரும் அவரது துணை ஆய்வாளரும் ஆராய்ந்து 1976 இல் எழுதினர். முதலில் வெறுமனே பார்த்துச் சிரிக்கும் குழந்தை, சில மாதங்களில் தானே முகத்தை மறைக்கத் தொடங்குகிறது. விதி, முறை மாற்றம், எதிர்பார்ப்பு ஆகியவற்றை அது கற்றுவிட்டது. உரையாடலின் இலக்கணமும் இதுதான். ஒருவர் பேச மற்றவர் காத்திருப்பதைக் குழந்தை சொல் அறியாமலே பழகிக்கொள்கிறது.

புலம்பெயர்ந்து வாழும் பெற்றோருக்கு இதில் தனிச் செய்தி உண்டு. பிள்ளைக்குத் தமிழ் வரவில்லையே என்று வருந்தி, ஐந்து வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறோம். அது நல்லதே. ஆனால் தமிழின் ஓசை குழந்தையின் உடலில் இறங்கும் காலம் அதற்கு முன்னரே கடந்து விடுகிறது. அரிசி கழுவும்போது நீரை அளைய விடுங்கள். உடுப்பு மடிக்கும்போது ஒரு துவாயைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். படி ஏறும்போது எண்ணுங்கள். குளிப்பாட்டும்போது பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்ற கூச்சம் வேண்டியதில்லை. குழந்தைக்குத் தன் தாய் தந்தையின் குரலே உலகின் முதல் இசை. இதற்குப் பணம் தேவையில்லை, விளையாட்டுச் சாமான் கடை தேவையில்லை. நேரம் மட்டுமே தேவை. இன்று நம்மிடம் மிக அரிதாக இருப்பதும் அதுதான்.

முன்பள்ளி ஆசிரியைகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. சொற்ப வேதனத்தில் பெரும் பணியாற்றுகிறார்கள் அவர்கள். அவர்களிடம் கொப்பியைக் கேட்பவர்கள் பெற்றோராகிய நாமே. விளையாடிவிட்டு வந்த குழந்தை ஒன்றும் படிக்கவில்லை என்று முறையிடுபவர்களும் நாமே. ஆறு வயதில் தொடங்க வேண்டிய போட்டியை மூன்று வயதுக்கு இழுத்து வந்தோம். பத்து வயதில் வரப்போகும் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல், நடை பழகும் குழந்தையின் மேல் விழுகிறது.

அன்று மாலை நண்பரின் வீட்டை விட்டுப் புறப்படும் வேளையில், அந்தக் குழந்தை ஒருவாறாக ஒரு பக்கத்தை எழுதி முடித்திருந்தாள். கொப்பியை மூடி வைத்துவிட்டு அம்மம்மாவிடம் ஓடினாள். மடியில் ஏறி அமர்ந்து, தானாகவே இரு கைகளையும் நீட்டினாள். இருவரும் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினர். அம்மம்மா பாட, ஈற்றுச் சொல்லைக் குழந்தை சொன்னாள். நான் படலையைத் திறந்து வீதிக்கு வந்த பின்னரும் அந்த இரு குரல்களும் கேட்டுக்கொண்டிருந்தன.

அந்த வீட்டில் மொண்டிசோரி அம்மையாரின் பள்ளி விறாந்தைப் பாயில் நடக்கவில்லை. அது அம்மம்மாவின் மடியில்தான் நடந்துகொண்டிருந்தது.